கோப்புகளுக்கும் உண்டு கைரேகை

குற்ற விசாரணை ஒன்றின்போது பொலிசார் கைப்பற்றும் கணனியில் இலட்சக்கணக்கான கோப்புகள் இருக்கும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உரிமையாளர் ஆக்கியவையல்ல. மென்பொருட்களோடு வந்து குடியேறியவை. தேடப்படுவதோ ஒரு கடிதமாகவோ ஒரு படமாகவோ இருக்கலாம். பதரைத் தூற்றி நீக்கினாலன்றி நெல்மணி கண்ணிற் படாது.

இத்தூற்றும் வேலைக்கு உதவுவது, அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் மேரிலாந்து மாநிலத்தில் நடத்திவரும் தேசிய மென்பொருள் உசாத்துணை நூலகமாகும். மென்பொருட்களைச் சேகரித்து, அவற்றின் ஒவ்வொரு கோப்பிற்கும் கணித முறையில் ஓர் எண்ணைக் கணித்து, அந்நூலகம் பட்டியலாக வெளியிடுகின்றது. 'ஹாஷ்' எனப்படும் இவ்வெண்ணைக் கோப்பின் கைரேகை எனலாம். கோப்பின் பெயரை மாற்றினாலும் எண் மாறாது. உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலோ முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே, கள்ளக் கணக்கேட்டுக்கு மென்பொருட் கோப்பொன்றின் பெயரைச் சூட்டி ஒளித்தாலும் பயனில்லை.

இங்கே ஒன்றை மனங்கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ளவை அறியப்பட்ட கோப்புகளேயன்றி நல்ல கோப்புகள் அல்ல. படத்தினுள் இரகசியச் செய்தியை மறைக்கும் கருவிகளும் அதில் அடக்கம். பொருந்துவன யாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குபவர் தடயத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடக்கூடும்.

கைரேகையின் நம்பகமும் ஆட்டங்கண்டதுண்டு. றொன் றிவெஸ்ட் 1991 இல் வடிவமைத்த எம்.டி.5 என்னும் முறையில், வெவ்வேறான இரு தரவுகளுக்கு ஒரே எண் வரச் செய்யலாம் என்பதைச் சீனக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர் 2004 இல் நிரூபித்தனர். இது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. 2012 இல் கண்டறியப்பட்ட 'பிளேம்' என்னும் வேவு நிரல், இப்பலவீனத்தைக் கொண்டே மைக்ரோசொப்ட் வழங்கியது போன்ற போலிச் சான்றிதழை ஆக்கிக்கொண்டு கணனிகளுள் நுழைந்தது. அடுத்த முறையான எஸ்.எச்.ஏ.-1 க்கும் 2017 இல் அதே கதி நேர்ந்தது. அம்ஸ்ரடாம் ஆய்வு நிலையம் ஒன்றும் கூகிள் நிறுவனமும் இணைந்து அதனை மெய்ப்பித்தன.

எனினும், ஒரே எண்ணுடைய இரு கோப்புகளைத் தாமே ஆக்குவது வேறு. நூலகத்தில் ஏற்கனவே உள்ள கோப்பொன்றின் எண்ணுக்குப் பொருந்தப் புதியதொன்றை ஆக்குவது வேறு. பின்னையதை நடைமுறையில் எவரும் செய்து காட்டியதில்லை. நூலகம் இப்போது எஸ்.எச்.ஏ.-256 என்னும் வலிய முறையிலும் எண்களைத் தருகின்றது. எந்த முறையில் ஒப்பிட்டீர்கள், எவற்றைப் பாராது விட்டீர்கள் என்று எதிரியின் சட்டத்தரணி நீதிமன்றத்தில் வினவ இடமுண்டு.