பேசாப் பிள்ளையும் பெற்றோர் பயிற்சியும்

பசறைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் எம் மாணவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு வினா விடுத்தார். அவருடைய தம்பிக்கு வயது நான்கு. அழைத்தால் திரும்பிப் பாரான், பேசான், தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்குவான், வரிசை கலைந்தால் ஓயாது அழுவான். ஓட்டிசம் என்று பதுளையில் வைத்தியர் கூறிவிட்டார். “சேர், நடத்தைப் பயிற்சி கொடுத்தால் தம்பி சரியாகிவிடுவானா? பதுளைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு ஒரு நாட் பேர் போய்விடுகிறது” என்றார். ஒரு தாயின் நாட்கூலியைத் தொட்டு நிற்கும் வினாவுக்கு மழுப்பலாக விடை கூறுதல் தகாது.

இந்நிலையை 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைக் கொண்டு முதலில் விவரித்தவர் லியோ கானர் என்னும் மருத்துவர். தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்ற பழி பின்னர் பல்லாண்டுகள் நிலவிற்று. அது பிழையென்று இன்று ஐயமின்றித் தெளிந்துள்ளோம். இது அரிதான நிலையுமன்று. நம் நாட்டில் ஹேமமாலி பெரேரா முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது.

நடத்தைப் பயிற்சி என்பது யாது? ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, குழந்தை ஒரு படி ஏறுந்தோறும் அதற்கு விருப்பமானதொன்றை உடனே அளித்து ஊக்குவித்தலாம். 1987இல் கலிபோர்னியாவில் லோவாஸ் என்பார், வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்றிய 19 குழந்தைகளில் 9 பேர் பிற பிள்ளைகளைப்போற் சாதாரண வகுப்பிற் படித்தேறினர் என அறிவித்தார். உலகம் வியந்தது. ஆயின் அக்குழந்தைகள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர்; பயிற்சியில் அடியும் அதட்டலும் இடம்பெற்றிருந்தன. இத்தகைய தீவிரப் பயிற்சி பற்றிய ஐந்து ஆய்வுகளை, 219 குழந்தைகளின் விவரங்களோடு, 2018இல் கொக்ரேன் அமைப்பினர் ஒருங்கே நிறுத்துப் பார்த்தனர். அவற்றுள் ஒன்று மட்டுமே குலுக்கல் முறையில் அமைந்தது. மொழியிலும் அன்றாடப் பழக்கங்களிலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஓட்டிசத்தின் குறிகள் தணிந்தமைக்குத் தெளிவான சான்று கிட்டவில்லை. கிடைத்த சான்றும் உறுதி குறைந்ததே என்பது அவர்கள் முடிவு.

வாரத்துக்கு 40 மணி நேரம் லயத்து வாழ்வுக்கு ஒவ்வாது. நமக்கு அண்மையான சான்று வேறொன்றுண்டு. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளரே பெற்றோருக்குப் பயிற்சியளித்தனர். பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து பழகக் கற்றனர். குழந்தைகள் தாமாகவே தொடர்புகொள்வது கூடிற்று. ஆயினும் இருவரும் ஒன்றிலே கவனம் வைக்கும் நேரம் கூடவில்லை, குறைந்தது. நன்மை உண்டு, முழு வெற்றியன்று.

மாணவருக்கு நாம் கூறியது இதுவே. முதலில் தம்பியின் செவியைச் சோதிப்பியுங்கள். பதுளையிற் கற்றுத்தருவதை அம்மா வீட்டில் நாள்தோறும் செய்யட்டும். பீலியில் நீராட்டும்போது ஒரு வாளி வார்த்து, அடுத்ததைச் சற்று நிறுத்திக் காத்திருங்கள். அவன் கண்ணால் நோக்கினாலும், கையை நீட்டினாலும், ஓர் ஒலி எழுப்பினாலும் உடனே வாருங்கள். பிள்ளை மடுவத்தில் அவனைப் பார்ப்பவருக்கும் இம்முறையைச் சொல்லிவையுங்கள். அடிக்கும் பயிற்சியாளரிடமும், முற்றாகக் குணமாக்குவேன் என்று பணம் கேட்பவரிடமும் செல்லவேண்டாம். மூன்று மாதத்துக்கொருமுறை, அவன் புதிதாகச் செய்வனவற்றைக் கொப்பியில் எழுதிவாருங்கள். பலன் உண்டா இல்லையா என்பதை அதுவே காட்டும்.

தம்பி வேறு பிள்ளையாக மாறிவிடுவான் என்று நாம் வாக்களிக்கவில்லை. தனக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை அவன் ஒருநாள் அம்மாவுக்குத் தெரிவிக்கக்கூடும். அதற்காகவேனும் முயலலாம் என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்த மாணவர், ஒரு கொப்பி வாங்கிக்கொண்டே பஸ் ஏறினார்.