இழுத்தால் மட்டும் போதுமா?

சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் என்னிடம் இயற்பியல் பயின்ற பழைய மாணவர். இப்போது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் வேலை பார்க்கிறார். அவர் கேட்டிருந்தது இதுதான்:

"சார், நானும் மைத்துனரும் சேர்ந்து ஒரு மோட்டார் படகு வாங்கியிருக்கிறோம். படகும் அதைத் தாங்கும் டிரெய்லரும் சேர்ந்து 3,000 கிலோ. அதை இழுத்துச் செல்ல ஒரு பிக்கப் வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 3,500 கிலோ வரை இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னும் 500 கிலோ மிச்சம் இருக்கிறது. வாங்கிவிடலாம் அல்லவா?"

முன்னால் ஆட்கள் அமரும் அறை, பின்னால் திறந்த சரக்குத் தட்டு. இதுதான் பிக்கப் வண்டி. நம் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் சிறு சரக்கு வண்டியின் அண்ணன் என்று சொல்லலாம். அந்த வண்டியில் மனைவியையும், இரு குழந்தைகளையும், மைத்துனரையும் ஏற்றிக்கொண்டு, படகையும் இழுத்துக்கொண்டு பவல் ஏரிக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. வாங்கலாமா, வேண்டாமா? வாருங்கள், நாமும் அவருடன் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பாதையைப் பாருங்கள். டென்வர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மேற்கே செல்லும் 70ஆம் எண் நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரில் ஏறி, 1973இல் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் நுழைகிறது. அதன் உயரம் ஏறத்தாழ 3,400 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான்! பிறகு சாலை இறங்குகிறது. யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில், கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டிய கிளென் கேன்யன் அணையால் உண்டானது பவல் ஏரி. அது நிரம்பி நிற்கும்போது நீர்மட்டம் சுமார் 1,130 மீட்டர். ஆக, வண்டி முதலில் 1,800 மீட்டர் ஏறி, பிறகு அதைவிட அதிகம் இறங்க வேண்டும். மொத்தத் தொலைவு 700 கிலோமீட்டருக்கும் மேல்.

ஏற்றத்தில்...

வண்டியும் ஆட்களும் படகும் சேர்ந்து 5,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாலை 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயர்கிறது என்போம். மொத்த எடை 5,500 × 9.8 = 53,900 நியூட்டன். அதில் நூற்றில் ஏழு பங்கு, அதாவது சுமார் 3,770 நியூட்டன், வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். மணிக்கு 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22.2 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும்: சுமார் 84 கிலோவாட். காற்றின் தடைக்கும் டயர்கள் உருள்வதற்கும் இன்னும் 25 கிலோவாட் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏறத்தாழ 110 கிலோவாட், அதாவது 150 குதிரைத்திறன்.

அவர் பார்த்து வைத்த வண்டியின் எஞ்சின் 300 குதிரைத்திறன் கொண்டது. பாதி போதுமே என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். எஞ்சின் பெட்ரோலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. சுரங்கப்பாதையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் 70 சதவீதமே. ஆகவே சாதாரண எஞ்சினின் திறனும் ஏறத்தாழ அதே அளவுக்கு, 210 குதிரைத்திறனாகக் குறைந்துவிடும். டர்போசார்ஜர் என்னும் காற்றழுத்தி பொருத்திய எஞ்சின் இந்த இழப்பைப் பெரிதும் ஈடுகட்டும். மலைநாட்டில் இழுவைக்கு வண்டி தேடுவோர் அதைக் கேட்டு வாங்குவது இதனால்தான்.

எப்படிப் பார்த்தாலும் வண்டி ஏறிவிடும். முதல் தேர்வில் தேறிவிட்டது. ஆனால் தேர்வு இன்னும் முடியவில்லை.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திராவிட்டால் உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். நுகத்தடி கழுத்தில் இலேசாக அழுந்தும்படி மூட்டைகளை அடுக்குவதில்தான் வண்டிக்காரரின் அனுபவம் தெரியும்.

டிரெய்லருக்கும் இதே விதிதான். அதன் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு முன்பாரமாக, இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் அழுந்த வேண்டும். ஏன்? ஈர்ப்பு மையம் டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருந்தால், பக்கக் காற்றில் டிரெய்லர் சற்றே திரும்பினாலும் அதுவாகவே நேராகிவிடும். ஈர்ப்பு மையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், சிறு ஆட்டமும் பெரிதாகிக்கொண்டே போகும். நாய் வாலை ஆட்டுவதற்குப் பதிலாக வால் நாயை ஆட்டத் தொடங்கும்! வேகம் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். படகில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கனமான எஞ்சின் அதன் பின்முனையில் அல்லவா இருக்கிறது?

சரி, 3,000 கிலோவில் பத்தில் ஒரு பங்கு 300 கிலோ. இதைத் தாங்குவது யார்? இழுக்கும் வண்டிதான். மிதிவண்டியின் பின் கேரியரில் கனமான நண்பர் ஏறினால் ஹேண்டில் இலேசாகிவிடுகிறதே, அந்த அனுபவம் உங்களுக்கு உண்டல்லவா? இங்கும் அதுதான் நடக்கிறது. பின் அச்சே நெம்புகோலின் ஆதாரப்புள்ளி. கொக்கி அதற்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன் அச்சு 3.2 மீட்டர் முன்னால் இருக்கிறது. ஆகவே முன் சக்கரங்களிலிருந்து 300 × 1.2 ÷ 3.2 = சுமார் 112 கிலோ பாரம் குறைகிறது. பின் அச்சின் மேல் 300 கிலோவுக்குப் பதில் 412 கிலோ ஏறுகிறது. வண்டியைத் திருப்புபவை முன் சக்கரங்கள். பிரேக்கின் பெரும் பங்கும் அவற்றிடமே. அந்தச் சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி அதிகமுள்ள நீளமான வண்டி இழுவைக்கு ஏற்றது என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

கதவருகே ஒரு சிறு சீட்டு

அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் கதவைத் திறந்தால், பக்கத்துத் தூணில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். என் மாணவரிடம் அதைப் பார்த்து எழுதச் சொன்னேன். "640 கிலோ" என்று பதில் வந்தது.

கூட்டிப் பாருங்கள். கொக்கி மேல் முன்பாரம் 300 கிலோ. ஐந்து பேர் 320 கிலோ. பெட்டி படுக்கை, பனிக்கட்டிப் பெட்டி, குடிநீர், இணைப்புக் கருவிகள் 100 கிலோ. மொத்தம் 720 கிலோ! இழுவையில் 500 கிலோ மிச்சம் காட்டிய வண்டிக்குச் சுமப்பதில் 80 கிலோ பற்றாக்குறை.

அப்படியானால் விளம்பரம் பொய்யா? பொய்யில்லை. அமெரிக்காவில் இழுவைத் திறனை அளக்க, 2008இல் வெளியான ஜே2807 என்னும் பொது விதிமுறை இருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் அணை அருகே சுமார் 18 கி.மீ. நீள ஏற்றத்தில், கோடை வெயிலில், குளிர்சாதனத்தை முழுவதும் இயக்கியபடி ஏற வேண்டும். சாதாரண பிக்கப் மணிக்கு 64 கி.மீ. வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. கடுமையான சோதனைதான். ஆனால் அப்போது வண்டியில் இருப்பதாகக் கொள்வது 68 கிலோ எடையுள்ள இருவரை மட்டுமே. என் மாணவரின் குடும்பம் அந்தக் கணக்கில் இல்லை.

இறக்கத்தில்...

இப்போது மிக முக்கியமான கட்டம். சுரங்கப்பாதையைக் கடந்ததும் சாலை 600 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சாக இறங்குகிறது. 5,500 கிலோ 600 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் நிலையாற்றல் 5,500 × 9.8 × 600 = சுமார் 3 கோடியே 23 லட்சம் ஜூல். இந்த ஆற்றல் எங்கே போகும்? வேகம் கூடக் கூடாது என்றால் அவ்வளவும் வெப்பமாக வேண்டும். ஏறக்குறைய 110 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்!

இதில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றும் டயர்களும் வாங்கிக்கொள்ளும். மீதி 2 கோடி ஜூலையும் பிரேக்குகள் மட்டுமே ஏற்பதாக வைத்துக்கொள்வோம். பிரேக்குகளின் இரும்பு மொத்தம் 60 கிலோ என்றால், வெப்பம் வெளியேறாத நிலையில் அது 700 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் பிரேக்கின் உராய்வு குறையும். பிரேக் திரவம் கொதித்து ஆவியானால் நிலைமை இன்னும் மோசம். திரவம் அழுத்தத்தில் சுருங்காது, ஆவியோ சுருங்கிவிடும். மிதித்த கால் அடிவரை போகும், வண்டி நிற்காது.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரையும் குறைத்துவிடுவார்கள். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசல் வண்டிகளில் புகை வெளியேறும் வழியை நெரித்து வேகத்தைக் கட்டும் தனி பிரேக்கும் உண்டு. இந்த இறக்கத்தின் ஓரத்திலேயே, பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரிவுப் பாதைகள் போட்டு வைத்திருக்கிறார்கள். இயக்க ஆற்றலை மீண்டும் உயரமாக மாற்றிவிடும் பாதைகள் அவை!

டிரெய்லருக்கும் சொந்தமாகப் பிரேக் வேண்டும். தண்ணீரில் இறங்கும் படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் சர்ஜ் பிரேக் என்னும் எளிய அமைப்பு இருக்கும். முன் வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் அதை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலே திரவத்தை அழுத்தி டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும். நியூட்டனின் முதல் விதியே பிரேக் பிடிக்கிறது! ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்தப் பிரேக்கும் சூடேறும். ஆகவே நிதானமே மருந்து.

ஏரிக்கரையில்...

ஏரிக்கு வந்துவிட்டோம். படகை இறக்கும் காங்கிரீட் சரிவு 100 மீட்டருக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் படகை மேலே இழுக்க சுமார் 7,800 நியூட்டன் விசை வேண்டும். பின் சக்கரங்கள் மட்டும் இயங்கினால், அவற்றின் மேலுள்ள 1,400 கிலோ பாரத்துக்கு உராய்வுக் கெழு 0.57 ஆவது தேவை. பாசி படிந்த ஈரக் காங்கிரீட்டில் அது கிடைப்பது அரிது. நான்கு சக்கரங்களும் இயங்கினால், 2,600 கிலோ முழுவதும் பிடிப்புக்கு உதவுவதால், 0.31 போதும். நான்கு சக்கர இயக்கத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று. வந்தவுடன் டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. நீண்ட ஓட்டத்தில் சூடான சக்கரக் குடங்கள் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்; அழுத்தம் குறையும்; பேரிங்குகளுக்குள் தண்ணீர் உறிஞ்சப்படும். அரை மணி நேரம் காத்திருப்பது, திரும்பும் வழியில் சக்கரம் இறுகிப் பாதி வழியில் நிற்பதைத் தவிர்க்கும்.

முடிவு என்ன?

மாணவருக்கு இரண்டு வழிகள் எழுதினேன். ஒன்று, படகை ஏரிக்கு அருகிலேயே வாடகை இடத்தில் விட்டுவைத்து, சிறிய வண்டியிலேயே போய்வருவது. மற்றது, 1,200 கிலோவாவது சுமக்கும், நீளம் அதிகமுள்ள, ஒரு படி பெரிய வண்டி வாங்குவது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். செலவைக் குறைக்கப் பழைய வண்டியாக வாங்கினார்.

புறப்படும் முன் எடைமேடையில் நிறுத்தி முன்பாரத்தை அளந்தபோது 210 கிலோதான் இருந்ததாம். நங்கூரம், பனிக்கட்டிப் பெட்டி எல்லாவற்றையும் படகின் பின்முனையில் அடுக்கியிருந்தார்கள். அந்த 100 கிலோவை 5 மீட்டர் முன்னால் நகர்த்தி வைத்தார்கள். டிரெய்லரின் அச்சுக்கும் கொக்கிக்கும் இடையே 6 மீட்டர். முன்பாரம் இப்போது எவ்வளவு? நெம்புகோல் விதியைக் கொண்டு நீங்களே கண்டுபிடியுங்கள். விடை 290 கிலோவை ஒட்டி வந்தால், குடும்பத்தோடு மலை இறங்க நீங்களும் அவருக்கு அனுமதி தரலாம்.