தனியாகப் பார்த்தால் 5 லட்சம்... பேய்ப் பட நாயகிகளின் நிஜ பயம்!

பேய்ப் படத்தை இரவில் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து பார்த்தால் 5 லட்ச ரூபாய் பரிசு! கடனை அடைக்க இந்தச் சவாலை ஏற்கிறார், வாய்ப்பில்லாத நடிகை ஒருவர்.

2015-ல் வெளியான 'மாயா'வில் நயன்தாரா ஏற்ற அப்சரா இவர்தான். கணவரைப் பிரிந்தவர், கையில் குழந்தை. அறிமுக இயக்குநர் அஸ்வின் சரவணன் படத்தில் அவருக்கு டூயட் இல்லை.

சின்ன பட்ஜெட் பேய்ப் படங்களுக்கு 2012-லேயே தெம்பு கொடுத்தது கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா'. அதில் பேய்க் கதை எழுதும் அனுவாக ரம்யா நம்பீசன். அவர் பேசப் பேச, விஜய் சேதுபதியோடு நமக்கும் வியர்க்கும்.

கிராபிக்ஸுக்குக் காசில்லாத இடத்தில், நடிகையின் முகம்தான் பேயைக் காட்ட வேண்டும். அப்சராவின் முகத்தில் தெரியும் பயமோ, பாதி பேய்க்கு... மீதி கடன்காரனுக்கு!