மழைநீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டுப் பார்க்காதீர்கள்



வாடகைக் கார், லோடு வேன் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மில் பல. தவணை முடியாத வண்டியின் இஞ்சின் பழுதானால் அந்த வீட்டின் வருமானமே நின்றுவிடும். எனவே ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெட்ரோல் தனியாக எரியாது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பழைய அம்பாசிடர் போன்ற வண்டிகளில் இந்தக் கலவையைக் கார்புரேட்டர் செய்தது. இன்றைய கார்களில் அந்த வேலை இன்ஜெக்டருடையது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய பைக், ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலும் அதுவேதான்.

பெட்ரோல் காரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் முதலில் திறப்பது காற்று வழிதான். ஏர் ஃபில்டர் தூசியைத் தடுக்கிறது. உள்ளே போகும் காற்றின் அளவைச் சென்சார் மூலம் அறிந்து, ஈ.சி.யு. என்ற சிறு கணினி இன்ஜெக்டரைச் சில மில்லி விநாடிகள் மட்டும் திறக்கிறது. பெட்ரோல் பனிபோலத் தூவப்படுகிறது. புகைக் குழாயிலுள்ள இன்னொரு சென்சார், கலவை சரிதானா என்று பார்த்துச் சொல்கிறது.

நம் ஊரில் கடற்கரை மணலும் தூசியும் அதிகம். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், இழுவையும் குறையும். அதற்காக ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மணல் இஞ்சினுக்குள் போய்த் தேய்த்துவிடும். ஆகவே சர்வீஸின்போது ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், அழுக்கேறியிருந்தால் மாற்றுங்கள்.

தண்ணீர் இதைவிட ஆபத்து. காற்று அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. காற்று வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தபின் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் அதில் மோதும், கனெக்டிங் ராடு வளையும். டீசல் வண்டியில் அழுத்தம் கூடுதல் என்பதால் சேதமும் கூடுதல். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் இப்படிப் பல கார்களின் இஞ்சின் போனது.

எனவே,

1. தேங்கிய தண்ணீரின் ஆழம் தெரியாமல் வண்டியை இறக்காதீர்கள்.

2. தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளியோ கட்டி இழுத்தோ மேட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

3. மெக்கானிக் வந்து பேட்டரி ஒயரைக் கழற்றி, ஏர் ஃபில்டர், இஞ்சின் ஆயில், சிலிண்டர் ஆகியவற்றைப் பார்த்தபிறகே சாவி போடுங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள்.

4. நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வரும் இஞ்சின் சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்பதில்லை. இஞ்சின் பாதுகாப்பு தனியாகச் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பாலிசியைப் பாருங்கள்.

வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். வஸ்ஸலாம்.

செயலாளர்