இடுப்பில் கட்டும் நிறம் எதைச் சொல்கிறது?

சனி, ஞாயிறு காலைகளில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பஸ் நிறுத்தங்களிலும், மலைப்பக்கம் குமுளி, மூணாறு கடைவீதிகளிலும் வெள்ளை உடுப்பு அணிந்து, இடுப்பில் கலர் பெல்ட் கட்டிய பிள்ளைகளைக் காணலாம். எந்தக் கலையைக் கற்றாலும் ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கராத்தே கிளாஸ்' என்பதுதான். ஆனால் இவர்களில் சிலர் கற்பது ஜப்பானியக் கராத்தே அல்ல; கொரிய நாட்டு டேக்வாண்டோ.

இப்பிள்ளைகளில் பலர் தோட்டத் தொழிலாளர், விவசாயி, சிறுகடை வியாபாரி வீட்டுப் பிள்ளைகள். பெல்ட் மாறத் தேர்வு உண்டு. தேர்வுக்குக் கட்டணமும் உண்டு. 'பையன் எப்போது பிளாக் பெல்ட் வாங்குவான்?' என்று கேட்கும் பெற்றோர், அந்தப் பெல்ட்டுக்கு என்ன பொருள் என்று கேட்பது குறைவு. பணம் கட்டுகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஜப்பானில் பிறந்த வழக்கம்

பெல்ட் முறை கொரியாவில் பிறந்ததல்ல. ஜப்பானில் ஜூடோ கலையை நிறுவிய ஜிகோரோ கானோ, 1880-களில் தேர்ந்த மாணவர்களைப் பிரித்துக் காட்டக் கறுப்புப் பெல்ட் கட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். மஞ்சள், பச்சை போன்ற நிறங்கள் பின்னர் ஐரோப்பாவில் ஜூடோ பரவியபோது பெருகின. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் ஜூடோவும் கராத்தேயும் கற்ற கொரியர்கள் வழியே உடுப்பும் பெல்ட்டும் அங்கு சென்றன. 'டேக்வாண்டோ' என்ற பெயரே 1955-இல் சூட்டப்பட்டதுதான்.

வெள்ளைப் பெல்ட்டைத் துவைக்காமல் கட்டி, அழுக்கேறிக் கறுப்பானதே பிளாக் பெல்ட் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்கச் சுவையானது, ஆனால் உண்மையல்ல.

விதையும் வானமும்

நிறங்களுக்குக் கொரியர்கள் கொடுத்த விளக்கம் தோட்டக்காரர்களுக்கு எளிதில் புரியும். 1966-இல் சர்வதேச டேக்வாண்டோ சம்மேளனத்தை நிறுவிய ஜெனரல் சோய் ஹாங் ஹி வழிவந்த விளக்கம் இது.

வெள்ளை, ஒன்றும் அறியாத தூய நிலை. மஞ்சள், செடி முளைத்து வேர்விடும் மண். பச்சை, வளரும் செடி. நீலம், அச்செடி எட்ட முயலும் வானம். சிவப்பு, அபாயம்: 'உன் கையையும் காலையும் அடக்கு' என்று கற்பவனுக்கும், 'விலகி நில்' என்று எதிராளிக்கும் சொல்லும் எச்சரிக்கை. கறுப்பு, வெள்ளைக்கு நேர் எதிர். இருளுக்கும் அச்சத்துக்கும் அசையாத முதிர்ச்சி.

நிறங்களின் எண்ணிக்கை பள்ளிக்குப் பள்ளி மாறும். நடுவே கோடுகள் போட்டுப் படிகளைக் கூட்டுவோரும் உண்டு. ஆகவே ஓரிடத்துப் பச்சையும் மற்றோரிடத்துப் பச்சையும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது.

உடுப்பின் கதை

உடுப்புக்குக் கொரிய மொழியில் 'டோபோக்' என்று பெயர். 'டோ' என்றால் நெறி. 'போக்' என்றால் உடை. கொரியர்கள் பழங்காலந்தொட்டுத் தங்களை 'வெள்ளுடை மக்கள்' என்று சொல்லிக்கொள்வதால் வெள்ளை நிறம் அவர்களுக்குப் பொருத்தமாக அமைந்தது.

1973-இல் தென்கொரியாவில் உலக டேக்வாண்டோ சம்மேளனம் தோன்றியது. ஒலிம்பிக்கில் நடப்பது இதன் விதிப்படிதான். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் டேக்வாண்டோ பதக்க விளையாட்டாயிற்று. இப்பிரிவின் சட்டை, தலைவழியே போடும் 'வி' வடிவக் கழுத்துடையது. சோய் பிரிவின் சட்டை முன்புறம் திறப்பது. பெல்ட்டுக்கு முன்பே கழுத்துப் பட்டையைப் பார்த்து, பிள்ளை எந்தப் பிரிவில் கற்கிறான் என்று ஊகிக்கலாம்.

கறுப்பு முடிவல்ல

கலர் பெல்ட் படிகளுக்குக் 'குப்' என்று பெயர். 10-இல் தொடங்கி 1 வரை எண் குறைந்துகொண்டே வரும். அதன்பின் 'டான்' 1-லிருந்து 9 வரை ஏறும். பலரும் உச்சி என்று எண்ணும் கறுப்புப் பெல்ட், உண்மையில் டான் வரிசையின் முதல் படி. முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு 1 ஆண்டும், மூன்றாவதுக்கு மேலும் 2 ஆண்டும், நான்காவதுக்கு மேலும் 3 ஆண்டும் காத்திருக்க வேண்டும். 15 வயது நிரம்பாதவருக்குத் தருவது 'பூம்' என்ற சிறுவர் தகுதி. அவர்களின் பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு.

களரியில் நிறம் இல்லை

நிறமில்லாமல் படி இருக்க முடியாதா? பதில் கேரள மண்ணிலேயே இருக்கிறது. களரிப்பயிற்றில் இடுப்பில் நீண்ட துணியைப் பல சுற்றுச் சுற்றி இறுக்கும் 'கச்ச' உண்டு. அது இடுப்புக்கும் முதுகுக்கும் பலம் தருவதற்கு. தரம் காட்டுவதற்கு அல்ல. மாணவன் எந்தப் படியில் இருக்கிறான் என்பதை அவன் கையில் இருப்பது சொல்லிவிடும். முதலில் உடலைப் பழக்கும் மெய்த்தாரி. பிறகு கம்பு பிடிக்கும் கோல்த்தாரி. அதன்பின் வாள், கேடயம் ஏந்தும் அங்கத்தாரி. கடைசியில் ஆயுதமின்றி எதிர்க்கும் வெறுங்கை. குருக்கள் மனம் வைத்தாலன்றி அடுத்த ஆயுதம் கைக்கு வராது. நம் சிலம்பத்திலும் ஆசான் பார்த்து ஏற்றிவிடுவதே பழைய வழக்கம்.

பெற்றோர் கேட்க வேண்டியது

ஆகவே பெல்ட்டின் நிறத்தைவிட, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முறை. ஒலிம்பிக் பிரிவில் கற்கும் பிள்ளை கறுப்புப் பெல்ட்டுக்கு வருமுன் 'தேகுக்' என்ற 8 அடவு வரிசைகளை அறிந்திருக்க வேண்டும். 'முதல் வரிசையிலிருந்து எட்டாவது வரை செய்து காட்டு' என்று வீட்டு முற்றத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். தடுமாறினால் மாஸ்டரிடம் காரணம் கேட்பதில் தவறில்லை.

டான் சான்றிதழ் என்றால், அது சியோல் நகரின் குக்கிவோன் நிறுவனம் வழங்கியதா என்று பார்க்க வேண்டும். அச்சான்றிதழுக்கு எண் உண்டு. குக்கிவோனின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பணம் கட்டிய சில மாதங்களில் கறுப்புப் பெல்ட் தருவதாகச் சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதிருப்பதே நல்லது.

இரண்டு ஆண்டு மஞ்சள் பெல்ட்டோடு நிற்கும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் வெட்கப்படத் தேவையில்லை. மஞ்சளுக்குக் கொரியர் சொன்ன பொருள் மண். வேர் பிடிக்க நாளாகும் என்பது ஏலமும் தேயிலையும் வளர்க்கிறவர்களுக்குத் தெரியாததல்ல.