வாய் வறண்டால் வயதைக் குறை சொல்லாதீர்கள்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் வடையும் தே தாரிக்கும் இல்லாமல் திரும்ப மனம் வராது. ஆனால், அந்த வடையை ஒரு மடக்குத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லையா? இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தூக்கம் கலைகிறதா? கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறதா?

"வயசாயிடுச்சு, வெயிலும் அதிகம்" என்று நம் வீட்டுப் பெண்கள் சமாளித்துவிடுவார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் இது நீடித்தால் சமாளிக்கக்கூடாது. ஷோக்ரன் நோயாக இருக்கலாம்.

சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன், 1933இல் 19 பெண்களைப் பரிசோதித்து இந்நோயை விவரித்தார். பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்களே. டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011இல் தமக்கு இந்நோய் இருப்பதை அறிவித்தார்.

சுரப்பிக்குள் என்ன நடக்கிறது?

உமிழ்நீர்ச் சுரப்பி திராட்சைக் கொத்து போன்றது. நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர்வரை உமிழ்நீர் சுரக்கிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்கள், இந்நோயில் சொந்தச் சுரப்பியையே தாக்குகின்றன. உமிழ்நீர் வரும் சிறு குழாய்களைச் சுற்றி அவை கூட்டம் கூட்டமாகக் குவிகின்றன. நாளடைவில் சுரக்கும் பகுதி சுருங்கி, அங்கே நாரும் கொழுப்பும் நிறைகின்றன.

இதை உறுதிசெய்ய, இரத்தப் பரிசோதனையோடு, கீழுதட்டின் உட்புறத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு மிகச் சிறிய சுரப்பிகள் சிலவற்றை எடுப்பார்கள். நுண்ணோக்கியில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட வெள்ளையணுக்கள் சேர்ந்திருந்தால் அது ஒரு குவியல். 4 சதுர மில்லிமீட்டருக்கு ஒரு குவியலாவது இருந்தால், நோய்க்கு வலுவான சான்று.

எல்லா வறட்சியும் இந்நோய் அல்ல. நீரிழிவாலும், அலர்ஜி, மனச்சோர்வு மாத்திரைகளாலும் வாய் வறளும். ஆகவே, சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள்.

அலட்சியம் வேண்டாம்

உமிழ்நீர் குறைந்தால் பற்கள் வேகமாகச் சொத்தையாகும். காதுக்கு முன்புறம் வீக்கம் வற்றாமல் இருந்தால் உடனே காட்டுங்கள்; சிலருக்கு அது நிணநீர்ப் புற்றுநோயாக மாறலாம். இந்நோயுள்ள பெண்கள் கர்ப்பமானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாயின் இரத்தத்திலுள்ள சிலவகை எதிர்ப்பொருள் குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும்.

முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் உமிழ்நீரைத் தூண்டும் மருந்து, கண் சொட்டு மருந்து, ஃபுளோரைடு பற்பசை ஆகியவை பெரிதும் உதவும். அடிக்கடி சிறிது தண்ணீர் குடியுங்கள்; இனிப்பு மிட்டாயைத் தவிருங்கள்.

கண்ணுக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு ஒரு டாக்டர் என்று பிரித்துச் சொல்வதால்தான் நோய் தெரியாமல் போகிறது. கிள்ளானில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும், அடுத்த முறை கிளினிக் போகும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.