பதினாறு படிகளும் ஒரு பேரேடும்

நூதனசாலை என்றதும் முடியும் வாளும் நாணயமும் செப்பேடும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயின், அரசராலன்றி உழைப்பாளராலே ஆக்கப்பெற்ற சரித்திரமும் உண்டு. அதனைப் பேணும் இடங்களுள் ஒன்று, மொறீசியசுத் தீவின் தலைநகராகிய போட் லூயிசிலுள்ள ஆப்பிரவாசி காட். 'குடிபெயர்ந்தோர் துறை' என்பது இப்பெயரின் பொருள்.

1810 இல் அத்தீவு பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு மாறிற்று. 1835 இல் அங்கு அடிமைமுறை ஒழிந்தது. அம்மாற்றம் வருவதை உணர்ந்த கரும்புத் தோட்ட முதலாளிமார் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தருவிக்க முற்பட்டனர். 1834 நவம்பர் 2 ஆந் திகதி 'அற்லசு' என்னுங் கப்பலில் 36 பேர் வந்திறங்கினர். அதன்பின் 1920 வரையில் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களினின்றும் வந்தோர் ஏறத்தாழ 500,000 பேராவர். தமிழரும் அவருள் அடங்குவர்.

1849 இல் அமைக்கப்பெற்ற குடியேற்ற நிலையத்தின் எச்சமே இன்று நாம் காண்பது. காவலர் அறை, வைத்தியசாலைப் பகுதி, தொழிலாளர் தங்கிய கொட்டகை ஆகியவற்றின் அடையாளங்கள் அங்குள்ளன. கடலோரத்தில் 16 கற்படிகள். அப்படிகளில் ஏறியவர்கள் ஓரிரு நாள் தங்கியபின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 2006 இல் இவ்விடம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. 2014 இல் விளக்கக் காட்சிக்கூடமொன்றும் திறக்கப்பட்டது. நவம்பர் 2 அந்நாட்டில் விடுமுறை நாள். அன்று அப்படிகளில் மலர் சாத்தி முன்னோரை நினைவுகூர்வர்.

படிகளினும் சிந்தனைக்குரியது பேரேடு. வந்தோர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, உயரம், உடலடையாளம், சாதி, ஊர் ஆகியன குறிக்கப்பட்டன. பின்னர் நிழற்படமும் எடுக்கப்பட்டது. எழுதுவினைஞர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதியமையால் தமிழ்ப் பெயர்கள் பல உருத்திரிந்தன. தொழிலாளரின் நன்மை கருதி எழுதப்பட்ட ஏடன்று அது. தோட்டத்தை விட்டு ஓடியவனைப் பிடிப்பதற்கு உதவிய கருவி. ஒருநாள் வேலைக்கு வராதவனிடம் இருநாட் கூலியை வெட்டிய காலம் அது. ஆயினும், கட்டுப்படுத்த எழுதிய அவ்வேடே இன்று சந்ததியாரின் முதுசமாயிற்று. மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அப்பேரேடுகள் பேணப்படுகின்றன. பாட்டன் எவ்வூரான் என்று வினவுவோர் ஆங்கு விடை பெறலாம்.

இதன் பெறுமதியை நாம் நன்குணர்தல் வேண்டும். நம் நாட்டு மலையகத்திற்குக் கங்காணிமார் அழைத்து வந்தோரின் வழித்தோன்றல்களை நோக்கி, 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் முன்னோர் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. காடழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்டவன் பிறப்புப் பத்திரம் பேணி வைக்கும் நிலையில் இருந்தானல்லன். சான்று காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோரின் குறை தீர்க்கப்பட்டது. கம்பளைக்கு அண்மையில் பழைய லயன் அறைகளில் 2007 இல் அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, அம்மக்களின் கருவிகளையும் பத்திரங்களையும் காத்து வருகின்றது.

ஆகவே, மாணவர்காள், வீட்டுப் பெட்டகத்திற் கிடக்கும் பழைய துண்டு, கடிதம், பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் குப்பையென எறியாதீர். முதியோர் உள்ளபோதே அவர் வந்த வழியைக் கேட்டு எழுதி வையுங்கள். பெயரும் ஊரும் எழுதப்படாத உழைப்பைப் பிறர் மறப்பது மட்டுமன்று, மறுப்பதும் எளிது.